கூகிளுக்குப் பனங்கட்டி தெரியுமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல் விற்கிற மச்சான் போன கிழமை கேட்டான், "இவ்வளவு காசு குடுத்து வெப்சைட் செய்வித்தும் கூகிளில தேடினா எங்கட கடை வருதில்லையே, ஏன்டா?" திறந்து பார்த்தேன். எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு', பொருட்களின் பெயரும் விலையும் படத்துக்குள்ளேயே கிடக்கின்றன, எழுத்தாக ஒரு வரி இல்லை, பிறகு தேடுபொறி எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு, படத்துக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எழுத்து), இதுதான் முதல் வேலை.

அதைவிட முக்கியம் சொல். நாங்கள் பனங்கட்டி என்போம், தமிழ்நாட்டுக்காரர் கருப்பட்டி என்று தேடுவார்கள், ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை ஆங்கில எழுத்தில் தட்டும். மூன்றையும் பக்கத்தில் இயல்பாக எழுதி வைக்க வேண்டும். அதற்காக ஒரே சொல்லை முப்பது தரம் அடுக்கினால் கூகிள் அதை ஸ்பாமாகத்தான் பார்க்கும். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக வைக்கும் தேடற்சொல் பட்டியலான கீவேர்ட் மெட்டா டேக்கை நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள் (இவனிடமும் வாங்கியிருக்கிறார்கள்!), தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009இலேயே சொல்லிவிட்டது.

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகிளின் கருவியான சேர்ச் கொன்சோல் இலவசம். தளத்துப் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை அதில் கொடுத்துவிட்டு வந்தேன், சரி, இனிச் சில கிழமை பொறுக்க வேண்டும், எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று அதுவே காட்டும்.