ஒட்டிக் கிடக்கும் பந்துகளைப் பிரிக்கப் பழகிய ஆறு வாரம்

காட்பாடியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ஸ்னூக்கர் சென்டர் இருக்கிறது. பூல் டேபிள் ஒன்றுதான். ஞாயிறு காலை பத்து மணிக்குள் போனால் காலியாகக் கிடைக்கும். ஆறு வாரமாக அங்கே ஒரே ஒரு விஷயத்தைத்தான் பழகுகிறேன்: கொத்தாக ஒட்டிக் கிடக்கும் பந்துகளைப் பிரிப்பது.

எட்டுப் பந்து ஆட்டத்தில் (ஆளுக்கு ஏழு பந்து, அவற்றைக் குழியில் போட்ட பிறகு கடைசியாகக் கருப்பு) நான் தோற்பது எப்போதும் ஒரே மாதிரிதான். என் ஏழு பந்துகளில் ஐந்தைப் போட்டுவிடுவேன். மீதி இரண்டும் கருப்போடு ஒட்டிக் கிடக்கும். வேறு வழியில்லாமல் ஓங்கி அடிப்பேன். கொத்து கலையும், ஆனால் எனக்கு ஒன்றும் விழாது. கலைந்த டேபிள் எதிராளிக்கு.

இது கேரம் பழக்கம் என்று புரிய நாளாயிற்று. சின்ன வயதில் சத்துவாச்சாரியில் மாமா வீட்டுத் திண்ணையில் கேரம் ஆடி வளர்ந்தவன் நான். கேரமில் காய் விழுந்தால் ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்துவிடும், கோட்டில் வசதியான இடத்தில் வைத்து அடுத்ததை அடிக்கலாம். பூலில் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. அதனால் ஒரு பந்தைப் போடும் அதே அடியில், வெள்ளை போய்க் கொத்தையும் தொட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஸ்டன் அடி மட்டும். மோதும் நேரத்தில் வெள்ளையில் சுழற்சி இல்லாவிட்டால், விழும் பந்து போகும் கோட்டுக்கு 90 டிகிரியில் அது விலகும். அந்தக் கோட்டில் இரண்டு பந்துகளை ஒட்டி வைத்து அடித்தேன். பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர்தான், இரண்டு சேர்ந்தாலும் சுமார் 11 சென்டிமீட்டர். பத்துக்கு மூன்று முறைதான் சரியாகத் தொட்டது. தூரம் கூடினால் வெள்ளை உருள ஆரம்பித்துவிடும், நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடிக்க வேண்டும் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

மூன்றாவது வாரம் உருளும் வெள்ளை. பாதிப் பந்தளவு, அதாவது குறிப்பந்தின் பாதியை மறைக்கும்படி மோதினால், வெள்ளை வந்த திசையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். மோதல் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. எனக்கு இதுதான் நம்பகமாக இருக்கிறது.

நான்காவது வாரம் வெள்ளை கொத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த சென்டர் அண்ணன், “இன்னாபா, நெஞ்சுலயே போய் மோதுற? ஓரமா தொடு, தானா பிரியும்” என்றார். உண்மைதான். முழுதாக மோதினால் வேகமெல்லாம் அந்தப் பந்துக்குப் போய், வெள்ளை அங்கேயே படுத்துவிடுகிறது. ஓரத்தில் பட்டால் வெளியே வந்துவிடுகிறது. வேகமும் பாதி போதும்.

இன்னொன்று, கலைக்கும் முன் கொத்தை நன்றாகப் பார்க்கிறேன். ஒட்டி நிற்கும் இரண்டின் மையக் கோடு நேராகப் பாக்கெட்டைப் பார்த்தால் பிரிக்கவே தேவையில்லை, பின்பந்தில் அடித்தால் முன்பந்து விழும்.

போன ஞாயிறு தம்பி ஒருவனோடு ஆட்டம். இரண்டாவது பந்திலேயே கொத்தைத் தொட்டேன். வெள்ளை எங்கே நின்றாலும் போடலாம் என்று பாக்கெட் வாயில் கிடந்த ஒரு பந்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அதுதான் காப்பாற்றியது. ஏழும் விழுந்தன, கருப்பும் விழுந்தது.

குஷனை, அதாவது டேபிளின் ஓர ரப்பரை, ஒட்டிக் கிடக்கும் கொத்து இன்னும் கைக்கு வரவில்லை. இந்த ஞாயிறு அதைத்தான் வைத்து அடிக்கப் போகிறேன்.