ஓடும்போதே நின்றுபோன பழைய கார்: காரணத்தைத் தேடிய ஐந்து மாதங்கள்

என் தந்தை 2001-ஆம் ஆண்டில் வாங்கிய பெட்ரோல் கார் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பதிவுச் சான்றிதழின் பதினைந்து ஆண்டுக் காலம் முடிந்ததும் 2016-இலும், அதன்பின் 2021-இலும் எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு மார்ச் மாதம் வரை அந்த வண்டி எங்களை நடுவழியில் நிறுத்தியதில்லை.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலையில் மதிய உணவுக்காக ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். ஐந்தாறு நிமிடம்கூட ஆகியிருக்காது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. திக்கவில்லை, திணறவில்லை, குலுக்கவும் இல்லை. வேகமானி எண்பதையே காட்ட, ஆர்.பி.எம். முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு சரக்கு லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அன்று கைக்குத் தெரிந்தபோது திகைத்துத்தான் போனேன். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிகளுக்குத்தான் தாங்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடித்துச் சாலையோரம் ஒதுங்கினேன். இத்தகைய நேரத்தில் பதற்றத்தில் சாவியை முழுவதுமாகத் திருப்பி உருவிவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு எத்தனை முறை செல்ஃப் அடித்தும் எஞ்சின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. நான்கு கதவுகளையும் திறந்துபோட்டுவிட்டுப் புளியமர நிழலில் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஒரே அடியில் கிளம்பியது. மதுரை போய்த் திரும்பும் வரை தொல்லையே இல்லை.

அடுத்த பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் மறுபடி நின்றது. வழக்கமாக விடும் பட்டறையில் பிளக்குகளையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கார்பனைக் கழுவித் தந்தார்கள். அது வீண் வேலை என்று சொல்லமாட்டேன். ஏசி போட்டுச் சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் இறங்கித் துடிக்கும் பழக்கம் வண்டிக்கு வெகுநாளாக இருந்தது. அது அதோடு போயிற்று. ஆனால் கார்பனால் நிற்கும் எஞ்சின், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் நேரத்தில்தான் நிற்கும். எண்பதில் போகும்போது அறுத்துப்போட்டாற்போல் நிற்காது. இந்த வேறுபாடு அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

இதற்கிடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்பது உறவினர்களின் ஒருமித்த தீர்ப்பு. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் அரிக்கும் என்பதும், டாங்க்கின் அடியில் கிடக்கும் கசடைக் கிளப்பிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் பெட்ரோல் போதாமல் நிற்கும் எஞ்சின் முதலில் இழுவை குறைந்து, திணறி, பிறகுதான் நிற்கும். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னதால், அடுத்த முறை நின்றபோது உடனே மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ்ஸென்ற சத்தம் வரவில்லை, வண்டியும் கிளம்பவில்லை.

மே மாதத்தில் வேறொரு பட்டறைக்காரர் வண்டி நின்றிருந்த இடத்துக்கே வந்தார். சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ‘உய்ங்’ என்று கேட்க வேண்டிய பெட்ரோல் பம்பின் சத்தம் கேட்கவில்லை. “பம்ப் போயிடுச்சு சார்” என்றார். சந்தேகப்பட எனக்கு இடமே இருக்கவில்லை, ஏனென்றால் சத்தம் இல்லை என்பதை நானே என் காதால் கேட்டுவிட்டேன். கூலியோடு சேர்த்து 5,200 ரூபாய் கொடுத்துப் புதுப் பம்ப் போட்டேன். அந்த வாரமே கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வண்டி தேர்போல் ஓடியது. மழை விட்டு வெயில் திரும்பிய நான்காம் நாள், தலைமைத் தபால் நிலையச் சிக்னலைத் தாண்டியதும் நடுச்சாலையில் நின்றது. போக்குவரத்துக் காவலரும் இரண்டு ஆட்டோக்காரர்களும்தான் தள்ளி ஓரங்கட்டினார்கள். புதுப் பம்பிலிருந்தும் அந்த ‘உய்ங்’ வரவில்லை.

பம்ப் பேசாமல் இருப்பதற்குப் பம்ப் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை, அதற்கு மின்சாரம் வராமலும் போகலாம் என்ற எளிய எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது. பட்டறைக்காரர் ஒரு மல்டிமீட்டரைப் பம்பின் கனெக்டரில் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வைத்துப் பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து டாஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைப் போட்டுவைத்தேன். வண்டி நின்ற நேரம், கிளம்பி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, அதற்கு முன் எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தியிருந்தோம், பெட்ரோல் அளவு, ஏசி போட்டிருந்ததா, மறுபடி கிளம்ப எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். மார்ச் முதல் நினைவில் இருந்தவற்றையும் சேர்த்து ஒன்பது பதிவுகள் தேறின. பெட்ரோல் அளவுக்கும் நிற்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்பதில் எட்டு முறை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திவைத்திருந்த வண்டியை எடுத்துக் கிளம்பிய பத்து நிமிடத்துக்குள் நின்றிருந்தது. விராலிமலையும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சூடானால் நிற்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் எந்தச் சூடு என்று யாரும் கேட்கவில்லை. பழைய கார்கள் சூட்டில் நிற்பதற்குப் பேர்போன காரணம் கிராங்க் சென்சார். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் அந்தச் சென்சாரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போனால், எஞ்சின் சுற்றுவதே அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய்ப் பொறியும் பெட்ரோலும் ஒருசேர நின்றுவிடும். ஆனால் அது எஞ்சின் கொதித்துக் கிடக்கும்போதுதான் நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்த வண்டியில் எஞ்சின் ஆறத் தொடங்கியிருக்கும். அடுப்பாகக் கொதித்துக் கிடப்பது உள்ளே நாம் உட்காரும் இடம். கதவுகளைத் திறந்துபோட்டதும் கிளம்பியதற்கும் அதுதான் விளக்கம். பட்டறைகளில் ஒருமுறைகூட வண்டி நின்று காட்டாததற்கும் அதே விளக்கம்தான்: இரண்டு பட்டறைகளிலும் வேப்பமர நிழல் இருந்தது.

இரண்டாவது தடயத்தைத் தந்தவள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அடுத்த முறை நின்றால் மீட்டரை உடனே படம் எடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் படத்தில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தன. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை. மறுநாள் காலையில் சாவியை ‘ஆன்’ செய்து ஒப்பிட்டேன், மூன்றுமே எரிந்தன. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது அந்த விளக்கை எரியவைப்பது எஞ்சின் கம்ப்யூட்டர். அப்படியானால் வண்டி நின்ற கணத்தில் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் இல்லை. கிராங்க் சென்சார் கெட்டிருந்தால் விளக்கு எரியும், சாவி போட்டதும் பம்பும் ஒருமுறை உறுமும். இங்கே இரண்டும் இல்லை. கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகாதது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கோளாறுக் குறியீட்டைக் கருவி வைத்துப் படிக்க உதவும் ஓ.பி.டி. முறை இந்தியக் கார்களுக்குக் கட்டாயமாகத் தொடங்கியதே 2010-இல் என்பதால், எங்கள் வண்டியில் இரண்டு கம்பிகளை இணைத்து விளக்கின் கண்சிமிட்டலை எண்ணித்தான் குறியீட்டைப் படிக்க முடியும். அப்படி எண்ணியும் ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. மற்ற உறுப்புகள் தவறினால் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை, தானே மயங்கி விழுந்தால் எதை எழுதுவார்?

இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் உள்ள ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நோட்டைக் கையில் வாங்கிப் பொறுமையாகப் படித்தார். இதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. முதலில் அவர் கண் போனது என் சாவிக்கொத்தின் மேல். வீட்டுச் சாவி, பீரோ சாவி, அலுவலகச் சாவி என்று கால் கிலோ தொங்கியது. “இத்தனை கனத்தை இருபது வருஷமா தொங்கவிட்டா சுவிட்ச் தேயும் சார்” என்றார். இக்னிஷன் சுவிட்சின் உள்தகடுகள் தேய்ந்து தொடர்பு விட்டுப்போவதும் இதே போன்ற விளைவைத் தரும் என்பதால் அவருக்கு இரண்டு சந்தேகங்கள்: ஒன்று சுவிட்ச், மற்றது மெயின் ரிலே. எங்கள் வண்டியில் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடும் இரண்டு ரிலேக்கள் ஒரே பெட்டியில், ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு நேரே, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கின்றன. வெயிலில் வண்டிக்குள் எரியும் சூடு முழுவதும் அந்த இடத்தில்தான் தேங்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்றார் அவர். டூவீலர் மீட்டரில் போடும் சின்னப் பல்புகள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ் வைத்து, ரிலேப் பெட்டியின் பின்பக்கக் கம்பிகளில் இணைத்து, டாஷ்போர்டின் மேல் டேப்பால் ஒட்டினார். பேட்டரியிலிருந்து பெட்டிக்குள் வருவது சிவப்பு; சுவிட்சிலிருந்து வருவது பச்சை; பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது மஞ்சள். நிற்கும்போது பச்சை அணைந்தால் சுவிட்ச், மஞ்சள் மட்டும் அணைந்தால் ரிலே. ரிலேயின் எர்த் கம்பியைத் தனியே மீட்டர் வைத்துப் பார்த்து அதில் குறையில்லை என்று உறுதி செய்துகொண்டார். மூன்று பல்புகளுக்கும் வேலைக்குமாக 300 ரூபாய் வாங்கினார்.

ஜூலையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு, மரமே இல்லாத ஒரு மைதானத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியை நிறுத்தினேன். வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அதை வெயிலில் காயப்போட்டது அதுவே முதல் முறை. ஒரு மணிக்கு எடுத்து, மைதானத்தைச் சுற்றியே மெதுவாக ஓட்டினேன். ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஏழாவது நிமிடம் மஞ்சள் ஒருமுறை மினுக்கி அணைந்தது. எஞ்சினும் அந்தக் கணமே நின்றது. சிவப்பும் பச்சையும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. குனிந்து, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் ரிலேப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன். மஞ்சள் எரிந்தது, பின்னாலிருந்து ‘உய்ங்’ என்றது. இன்னொரு தட்டில் மறுபடி அணைந்தது. அந்த வெயிலில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்ததைக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வினோதமாகப் பார்த்தார்கள்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பிளாஸ்டிக் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே சின்ன சர்க்யூட் தகடு. அதன் அடியில் ஒவ்வொரு காலையும் சுற்றி ஈயப் பற்று. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கடிகாரக் கடைக்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஒற்றைக்கண் லென்ஸை என்னிடம் நீட்டி, தடிமனான ஒரு காலைக் காட்டினார். மற்றவை பளபளவென்று குவிந்திருக்க, அந்தக் காலைச் சுற்றியிருந்த ஈயம் மட்டும் சாம்பல் பூத்து, நடுவில் மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம் ஓடியது. நகத்தால் தள்ளினால் கால் ஆடியது, ஈயம் ஆடவில்லை. செம்பும் ஈயமும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. இருபத்துமூன்று கோடைகளில் விரிந்து சுருங்கி, சாலை அதிர்வும் சேர்ந்து, பற்று விட்டிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டு நின்று, சூடேறினால் விலகிவிடுகிறது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு எல்லாக் கால்களுக்கும் புதிதாக ஈயம் வைத்துக் கொடுத்தார். அதற்குக் கூலி 150 ரூபாய். அதையே போட்டு ஓட்டலாம் என்றாலும், நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டி என்பதால், 900 ரூபாய்க்குப் புது ரிலே வரவழைத்துப் பொருத்தினோம்; பழையது மாற்றுக்கு ஆகும் என்று டாஷ்போர்டு அறையில் நோட்டோடு கிடக்கிறது. சாவிக்கொத்திலிருந்து கார் சாவியையும் தனியே பிரித்துவிட்டேன். கழற்றிய பழைய பெட்ரோல் பம்பைப் பேட்டரியில் நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தோம், நன்றாகவே சுற்றியது.

அதன்பின் ஆகஸ்ட் முடியும் வரை ஆறு முறை அதே மைதானத்தில் அதே நேரத்தில் வண்டியைக் காயப்போட்டு ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. விராலிமலையில் அதே உணவகத்தின் முன் வெயிலில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு மதுரைக்கும் போய்வந்தோம். டாஷ்போர்டின் மேல் சீரியல் செட் போட்டதுபோல் இருக்கிறது என்று என் மனைவி சொன்னதால், சிவப்பையும் பச்சையையும் கழற்றியாயிற்று. மஞ்சளை மட்டும் இன்னும் விட்டுவைத்திருக்கிறேன்.