அரைச் சுற்றோடு நின்ற ஃபேன்

சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, நானே பூட்டிய கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றியது, நின்றது. மறுபடி அழுத்தினால் அந்த அரைச் சுற்றும் இல்லை.

இதற்காக ஏழு மாதம் காசு சேர்த்திருந்தேன். கொழும்பு பம்பலப்பிட்டியில் மச்சான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி, இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். காலை ஐந்து மணிக்கு மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டு கல்லடிக்கு வந்தேன். சாமான் விபரம்: ரைசன் 5 5600ஜி (மூளை, அதாவது சி.பி.யூ), பி550 மதர்போட் (எல்லாவற்றையும் இணைக்கும் பலகை, முழு ஏ.டி.எக்ஸ் அளவு), 8 ஜிபி ராம் இரண்டு (வேலை நேர நினைவகம்), 500 ஜிபி எம்.2 எஸ்.எஸ்.டி (கோப்புகளைச் சேமிப்பது), 550 வாட் பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தை மாற்றித் தருவது). 5600ஜியில் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருப்பதால் தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டாம். இவற்றை உள்ளே பூட்டும் பெட்டி, அதாவது கேசிங் மட்டும் பாவித்தது. தெரிந்த ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு மலிவாகத் தந்தார். அந்தக் கேசிங்கைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல இருக்கிறது.

பூட்டும் வேலை சுமார் நான்கு மணித்தியாலம் எடுத்தது. வீடியோக்களில் இருபது நிமிடத்தில் முடிக்கிறார்கள், அவர்களுக்கு வியர்ப்பதில்லை. இங்கே கச்சான் காற்று அடிக்கிற காலம். புழுதி உள்ளே வரக்கூடாது என்று யன்னலைச் சாத்திவிட்டு, அறை ஃபேனையும் நிறுத்திவிட்டு, மூக்கு நுனியில் இருந்து ஒரு துளி மதர்போட்டில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பூட்டினேன். அப்புறம் பட்டன், அரைச் சுற்று, அமைதி.

அன்று இரவு கவனித்தும் விளங்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. சுவரில் சுவிட்சை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போட்டால் அந்த அரைச் சுற்று திரும்ப வந்தது. ஒரு தடவை மட்டும். பிறகு மறுபடி சுவரில் நிறுத்தினால்தான் அடுத்தது. பட்டன் பழுது என்றால் இப்படி நடக்காது. பவர் சப்ளை எங்கேயோ ஷோர்ட் ஒன்றை (மின்சாரம் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுப் போவதை) கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. மின்சாரத்தை முழுதாக எடுத்தால்தான் அந்தப் பூட்டு விடுகிறது. பதில் முதல் இரவே கைக்கு வந்திருக்கிறது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஞாயிறு காலை. மச்சானுக்கு கோல் எடுத்தேன். "பவர் சப்ளைதான்டா" என்றான். டோஹாவில் இருக்கும் கூட்டாளியும் பவர் சப்ளை என்றான். ராமை அழிறப்பரால் தேய்த்துப் பார்க்கச் சொன்னது தங்கை; அவளுடைய பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்தாம். பழைய ராமில் செம்பு நிறப் பற்கள் அழுக்கேறி இருந்தால் அது சரி. நேற்றுப் பெட்டி பிரித்த ராமுக்கு எதற்கு?

சரி, பவர் சப்ளையையே பார்ப்போம் என்று கேசிங்கில் கை வைத்தேன். சுள்ளென்றது. பெரிய ஷொக் இல்லை, எறும்பு கடித்த மாதிரி. ரெஸ்டரை (மின் இருந்தால் எரியும் ஸ்குரூ ட்ரைவரை) வைத்தால் மங்கலாக எரிகிறது. நெஞ்சு பதறிவிட்டது: பவர் சப்ளை கசிகிறது, எல்லாரும் சொன்னது சரி என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மாமா வயர்மனாக இருந்து ஓய்வெடுத்தவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவேயில்லை, நேராகச் சுவருக்குத்தான் போனார். என் அறை பிளக் பேஸ்கள் எல்லாம் பழைய உருண்டைப் பின். பவர் சப்ளையோடு வந்த வயர் 13 அம்பியர் சதுரப் பின். இரண்டையும் சேர்க்கக் கடையில் கிடைத்த ஒரு அடாப்டரைப் போட்டிருந்தேன். அதற்குப் பின்னால் இரண்டே இரண்டு பின். எர்த் பின் இல்லை.

"மனே, எர்த் இல்லாம இதைப் போட்டா கம்ப்யூட்டர் மட்டுமில்ல, நீயும் அரைச் சுத்துதான்" என்றார்.

விளக்கமும் அவர்தான் சொன்னார், மிச்சத்தைப் பிறகு நான் படித்தேன். பவர் சப்ளையின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்கு, லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு சின்னக் கப்பாசிற்றர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இன்னொன்று இருக்கும். எர்த் வயர் இருந்தால் அந்த நுண்ணிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி. மல்ரிமீற்றரை வைத்தேன், 108 காட்டியது. மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனாலும் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று தொட நல்ல சாமான் இல்லை. பவர் சப்ளை கெட்டுப்போனதற்கும் அது அடையாளம் இல்லை. நல்ல பவர் சப்ளையும் எர்த் இல்லாமல் இப்படித்தான் செய்யும்.

வீட்டில் சரியான எர்த் உள்ள ஒரே இடம் குசினி, ஃபிரிட்ஜுக்குப் பூட்டிய சதுரப் பின் பேஸ். ஆகவே கம்ப்யூட்டர் குசினி மேசைக்குக் குடிபோனது. ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு இதைக் கொழுவினேன். சுள்ளென்பது நின்றது. அரைச் சுற்று அப்படியே இருந்தது.

அடுத்தது பவர் சப்ளையைத் தனியே சோதிப்பது. சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டு, 24 பின் வயரை மதர்போட்டில் இருந்து கழற்றினேன். அதில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான் வரும். அதுதான் "எழும்பு" என்று பவர் சப்ளைக்குச் சொல்கிற கம்பி. அதையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்புக் கம்பியையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். (வயர் முழுக்கக் கறுப்பாக வருகிற பவர் சப்ளையும் உண்டு. அப்போது கிளிப் உள்ள பக்கத்து வரிசையில் 13ஆம் பின்னில் இருந்து எண்ணி நான்காவது, அதாவது 16.) சுமைக்கு ஒரு கேசிங் ஃபேனையும் கொழுவிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.05, செம்மஞ்சளில் 3.34. ஐந்து வீதம் கூடலாம், குறையலாம் என்பது கணக்கு, 12க்கு 11.4 முதல் 12.6 வரை. எல்லாம் உள்ளேதான். இந்தச் சோதனையால் எல்லாம் தெரிந்துவிடாது, பெரிய சுமையில் அது சரிந்து விழவும் கூடும். ஆனால் பட்டன் அழுத்திய அரைச் செக்கனில் செத்துப் போகிற ஆள் அது இல்லை என்று தெரிந்தது. பவர் சப்ளையின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கப்பாசிற்றர் வயரைக் கழற்றிய பிறகும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும்.

மறுகா ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எஸ்.எஸ்.டி, அரைச் சுற்று. ராம் இரண்டும், அரைச் சுற்று. கேசிங் ஃபேன்கள், யூ.எஸ்.பி வயர்கள், அதே அரைச் சுற்று. சி.பி.யூவுக்குத் தனியாகப் போகிற 8 பின் வயரையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே. இதைக் கொழுவ மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், நான் மறக்கவில்லை என்று ஒரு சின்னப் பெருமை இருந்தது, அதுவும் உதவவில்லை. எட்டு மணிக்கு அம்மா இடியப்ப உரலோடு வந்து நின்றார். மேசையைக் காலி செய்தேன்.

திங்கள். வேலை முடிந்து கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்: போர்டை முழுதாக வெளியே எடுப்பது. மதர்போட் வந்த மட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் போர்டைக் கிடத்தினேன். அதோடு வந்த வெள்ளி நிறப் பைக்கு மேல் வைக்கக்கூடாது. அந்தப் பையின் வெளிப்பக்கம் மின்னைக் கடத்தக் கூடியது. சி.பி.யூ, அதன் கூலர், ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின். வேறு ஒன்றும் இல்லை. கேசிங் பட்டன் இல்லாததால், பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்குரூ ட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன்.

சுற்றியது. நிற்கவில்லை. போர்டில் லைட்கள் எரிந்தன. நான் கத்திய கத்தில் அம்மா பாம்பு வந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார்.

மகிழ்ச்சியில் பிழையான முடிவுக்கும் போனேன்: ஆக, கேசிங் பட்டன்தான் பழுது. நல்லவேளை, புதுப் பட்டன் தேடுமுன் சோதித்துப் பார்த்தேன். போர்ட் மட்டையில் கிடக்க, கேசிங்கைப் பக்கத்தில் இழுத்து அதன் பட்டன் வயரைக் கொழுவி அழுத்தினால், அழகாகத் தொடங்குகிறது. பட்டன் நல்லது. பவர் சப்ளை நல்லது. போர்ட் நல்லது. போர்டை உள்ளே வைத்து ஸ்குரூ பூட்டினால் மட்டும் அரைச் சுற்று. அப்படியென்றால் போர்டுக்கும் கேசிங்கின் தகட்டுக்கும் இடையில் ஏதோ தொடுகிறது.

மறுபடி கழற்றி, கைபேசி லைட்டைப் பிடித்து உள்ளே பார்த்தேன். மதர்போட் தகட்டில் நேரே படாமல் இருக்க, சின்னப் பித்தளைக் கால்கள் பூட்டி அதன்மேல்தான் போர்டை வைப்போம். என் போர்டில் ஒன்பது ஓட்டை. கால்களை எண்ணினேன். பதினொன்று.

நடந்தது இதுதான். கேசிங்கின் பழைய சொந்தக்காரர் வைத்திருந்தது மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்ட், 244க்கு 244 மில்லிமீற்றர். என்னுடையது 305க்கு 244. மேல் இரண்டு வரிசை ஓட்டைகள் இரண்டிலும் பொருந்தும். கீழ் வரிசை பொருந்தாது. சின்னப் போர்டின் கீழ் வரிசை வருகிற இடத்தில் பெரிய போர்டுக்கு ஓட்டையே கிடையாது. பழைய போர்டின் எட்டுக் கால்களும் தகட்டிலேயே இருந்தன. எனக்கு அடியில் மூன்று ஓட்டை மிச்சமாகத் தெரிந்ததால் மூன்று புதுக் கால் பூட்டினேன். ஓட்டைக்குக் கால் இருக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, காலுக்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்த இரண்டு அநாதைக் கால்களும் போர்டின் முதுகில் குத்திக்கொண்டு நின்றிருக்கின்றன. போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஈயப் புள்ளிகளுக்கு மேல் பித்தளை உரசிய மஞ்சள் கீறல், இரண்டு இடத்தில். அந்த வழியாக மின்சாரம் நேரே தகட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாளாக எல்லாரும் திட்டிய பவர் சப்ளைதான் அரைச் செக்கனில் கதவைச் சாத்திப் போர்டைக் காப்பாற்றி வைத்திருந்தது.

குறட்டால் இரண்டையும் கழற்றினேன். ஒன்பது கால், ஒன்பது ஓட்டை, ஒன்பது ஸ்குரூ. பூட்டி அழுத்தினேன். ஃபேன் ஓடியது. திரையில் ஒன்றுமில்லை.

அந்த நேரம் ஒரு பத்து நிமிடம் பின் படியில் போய் இருந்தேன். காற்றில் உப்பு வாசம். எங்கள் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. கேற் கொளுக்கி இரண்டு வருடத்தில் துருப்பிடித்து உதிர்கிற இடத்தில் இவ்வளவு காசைத் தகரப் பெட்டிக்குள் போட்டேனே என்று யோசனை வந்தது.

திரும்பி வந்து பார்த்தால் போர்டின் ஓரத்தில் சின்ன லைட் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் சி.பி.யூ, டி.ராம், வி.ஜி.ஏ, பூட் என்று நான்கு பெயர், எரிவது டி.ராம். முதல் நாளில் இருந்தே இந்த லைட்கள் இருக்கின்றன, அதுவரை போர்ட் எழும்பாததால் அவற்றுக்கு வேலை வரவில்லை. ராமைப் பார்த்தேன். என் போர்டில் ராமைக் கொழுவும் ஸ்லொட்டின் ஒரு முனையில்தான் கிளிப், மறுமுனை அசையாது. கிளிப் பக்கம் 'டக்' என்றது. மறுபக்கம் ஒரு மில்லிமீற்றர் எழும்பி நிற்கிறது. இரவு முழுக்கக் கழற்றிப் பூட்டிய அலுப்பில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தியிருக்கிறேன். சி.பி.யூவில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டுகளில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்தினேன். போர்ட் லேசாக வளைகிற மாதிரி இருந்தது, பயமாகவும் இருந்தது. பரவாயில்லை, அந்த அளவு பலம் வேண்டும்.

அழுத்தினேன். கறுப்புத் திரை. தானாக நின்றது. தானாக மறுபடி தொடங்கியது. திரும்பவும் கறுப்பு. கை பட்டனுக்குப் போய்விட்டது; நல்லகாலம் நிறுத்தவில்லை. முதல் தடவை ராமோடு பேசிப் பழக போர்டுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், இடையில் ஓரிரு தடவை நின்று எழும்பவும் செய்யும். ஒரு நிமிடத்துக்குள் திரையில் எழுத்து வந்தது: புது சி.பி.யூ பூட்டப்பட்டிருக்கிறது, Y-யா N-ஆ என்று கேட்கிறது. Y-ஐ அழுத்தினேன். பயோஸ், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புத் திரை. 16 ஜிபி, சி.பி.யூ சூடு 41 பாகை.

3200 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. அது பழுது இல்லை, பயோஸில் எக்ஸ்.எம்.பி என்பதை இயக்கினால்தான் சொன்ன வேகத்துக்கு வரும். இயக்கினேன், வந்தது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டு முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.

இப்போது செவ்வாய் இரவு. இதை அந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் எழுதுகிறேன், குசினி மேசையில், தேங்காய் துருவிக்குப் பக்கத்தில். ஃபிரிட்ஜும் இதுவும் ஒரே பேஸை மாறி மாறிப் பாவிப்பதால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. அம்மா மீன் கெட்டுவிடும் என்கிறார். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து என் அறைக்கு எர்த் வயர் இழுத்துச் சதுரப் பின் பேஸ் பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத் தட்டு இன்னும் மூடவில்லை. அதன் ஸ்குரூ ஒன்று அலுமாரிக்குக் கீழே உருண்டு போய்விட்டது.