சித்தப்பா அனுப்பிய பூவிதை

கனடாவில் இருக்கும் சித்தப்பா இந்தமுறை சவர்க்காரம், சொக்லேட்டோடு ஒரு விதைப் பைக்கற்றும் அனுப்பியிருந்தார். உறையில் சிவப்பும் நீலமுமாகப் பூத்த புல்வெளி. "ஒட்டுசுட்டான் காணி சும்மாதானே கிடக்கிறது, தூவிவிடு" என்று ஒரு குறிப்பு வேறு. நான் தூவவில்லை. கனடாப் பக்கத்துக் காட்டுப்பூக்கள் பலவற்றின் விதை ஒரு பனிக்காலம் ஈரமண்ணில் குளிர்ந்து கிடந்தால்தான் முளைக்கும். வன்னியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? தவிர, வெளியிலிருந்து வந்த பாத்தீனியக் களையோடு படும் பாடே போதும்.

யோசனை மட்டும் பிடித்துவிட்டது. வீதியோரத்திலும் குளக்கட்டிலும் விதை சேர்த்தேன்: ஆவரசு, காவிளாய், துத்தி, விஷ்ணுகிராந்தி, கொஞ்சம் கார்த்திகைப்பூ. எல்லாம் வேர்பிடித்துவிட்டால் ஆண்டாண்டுக்கும் நிற்பவை.

இவற்றுக்குக் குளிர் வேண்டாம். ஆவரசுக்கும் காவிளாய்க்கும் விதைத்தோல்தான் பிடிவாதம், தண்ணீரை உள்ளே விடாது. சீமெந்துத் தரையில் பருமணலோடு பரப்பி, சிரட்டையால் மினுக்கம் மங்கும்வரை தேய்ப்பேன். இரவு தண்ணீரில் போட்டால் விடியும்போது உப்பியவையும் உப்பாதவையும் தனித்தனியாகத் தெரியும். உப்பாதவை திரும்பவும் சிரட்டைக்கு. கார்த்திகைப்பூவிடம் இந்த வித்தை பலிக்காது. அது முளைக்கவே மாதக்கணக்கு, கிழங்கு பருத்துப் பூக்க ஆண்டுக்கணக்கு. கிழங்கும் விதையும் நஞ்சு என்பதால் பிள்ளைகள் போகாத வேலியோரத்தில்தான் போட்டேன்.

முதல் மழைக்கே விதைக்க அவசரப்படக் கூடாது. மண்ணுக்குள் காத்திருக்கும் களையெல்லாம் முளைக்கட்டும். பிறகு மண்வெட்டியால் மேலோட்டமாகச் செருக்கினால் போதும். ஆழக் கொத்தினால் அடியில் உறங்கும் களைவிதையை நாமே எழுப்பிவிடுவோம். எருவும் வேண்டாம், அது புல்லுக்குத்தான் விருந்து. விதையை உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவி, காலால் மிதித்துவிட்டேன்.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த மாமிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, காவிளாயைப் பிடுங்கிப் பசளையாகத் தாழ்க்கிறவர்களைத்தான் கண்டிருக்கிறேன். நீ விதைக்கிறாயோ?"

முதல் ஆண்டு அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. பூ என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் இலை. பல்லாண்டுச் செடி முதலில் வேரைத்தான் பார்க்கும். நான் செய்த ஒரே வேலை பாத்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்கியதுதான். வெறுங்கையால் தொட்டால் சிலருக்குச் சொறி எடுக்கும். வறண்ட சோளகக் காற்று அடித்தபோது துத்தி இலையுதிர்த்துக் குச்சியாக நின்றது. அதையும் வெட்டவில்லை.

அடுத்த மாரியில் ஆவரசு மஞ்சளாகவும் காவிளாய் ஊதாவாகவும் பூத்தன. விஷ்ணுகிராந்தி தரையோடு தரையாக நீலம். குனிந்தால்தான் தெரியும், அதுவும் காலையில். ஆவரசுத் தளிரில் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் இலையை அரிக்கத் தொடங்கிவிட்டன. மாமி மருந்துத் தாங்கியோடு வந்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இலை போனால் இன்னொன்று துளிர்க்கும். இந்த முறை தெற்குப் பக்கத்தையும் செருக்க வேண்டும். அதற்குக் காவிளாய் விதை இன்னும் போதாது.