ஜெபிக்க வார்த்தை வராதபோது

துக்க வீட்டிலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ சொந்தமாக ஜெபம் கோக்க மெனக்கெட வேண்டாம். பைபிளில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி, தாழ்ந்த குரலில் வாசியுங்கள். மனசுக்குள் வாசித்தால் கவனம் ஓடிவிடும், உதடு அசைய வேண்டும்.

பலர் சறுக்குவது ஐந்தாம் வசனத்தில். சங்கீதக்காரன் அங்கே சட்டென்று நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறான். மனசு ஒப்பவில்லையா, நாலோடு மூடிவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை தேறுவதே இல்லை, அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது!

வாசிக்கவும் முடியாவிட்டால் மூச்சை இழுக்கும்போது ‘கர்த்தாவே’, விடும்போது ‘இரங்கும்’. பத்து மூச்சு போதும். நடுவில் அழுகை வந்தால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். பைபிளின் ரோமர் நிருபத்தில், 8:26-இல், பரிசுத்த ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்வதே ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’தான்.