26 கிலோ சிப்பம்

மென்பொருள் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'பிழைகளின் எண்ணிக்கை' தவறாமல் வரும். எந்த நிரல்மொழியில் எழுதினால் பிழை குறையும், அடுத்த பிழை எந்தக் கோப்பில் முளைக்கும் என்ற கணிப்பெல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. அந்த எண்ணோ, என்னைப் போன்ற ஒருவர் மதியச் சாப்பாடு முடித்த கையோடு, வந்த புகாருக்கு 'பிழை', 'புதிய தேவை' என்ற இரண்டில் ஒன்றைத் தட்டிவிடுவதில் பிறக்கிறது.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அலுவலகம் அரிசி ஆலைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் போட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. எங்கள் மென்பொருளில் சிப்ப எடைகளின் பட்டியல் 25-ஓடு முடிந்துவிடும். ஆலங்குளம் பக்கத்து ஆலையிலிருந்து ஒரு டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, வந்தது: "26 போட்டால் எடுக்கவில்லை. லோடு நிற்கிறது."

லாரியை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் முதலாளிக்கு அது பிழை. நிரல் எழுதியவருக்கு அது பிழையே இல்லை. அரசாங்கம் வரியை மாற்றியதற்கு அவர் என்ன செய்வார்? எங்கள் மேலாளரின் கணக்கு வேறு. பிழை என்றால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும், காசு கேட்க முடியாது. புதிய தேவை என்றால் தனி பில். ஆகவே அது 'புதிய தேவை' ஆனது. இதே புகாரைப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பியபோது 'பிழை' ஆனது. அவரிடம் பில்லை நீட்ட யாருக்குத் துணிவு வரும்?

இந்தப் பதிவுகளைத்தான் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பெண் கேட்டு வந்தார். சூட்டிகையானவர். நாங்கள் குறித்திருந்த வகையை அப்படியே எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். 2013-இல் ஹெர்சிக், ஜஸ்ட், செல்லர் என்ற மூவர் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய ஐந்து மென்பொருள் திட்டங்களின் 7,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கையால் சரிபார்த்து, பிழை என்று குறிக்கப்பட்டவற்றில் 33.8 சதவீதம் தவறாக வகைப்படுத்தப்பட்டவை என்று கண்டதை எடுத்துச் சொன்னார். அங்கேயே மூன்றில் ஒன்று என்றால், பில்லைப் பார்த்து வகை போடும் எங்கள் அலுவலகத்தைச் சொல்ல வேண்டாம்.

எங்கள் மூத்த நிரலாளரான அண்ணாச்சியும், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியும் டிக்கெட்டுகளைப் படித்துத் தனித்தனியே வகை குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனது. எங்களுக்குப் பெருமைதான், ஆய்வுக்கு வந்தவருக்கு இல்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இருவருமே நூற்றில் தொண்ணூறைப் 'பிழை' என்று குறிக்கிறவர்கள் என்றால், ஒரு வரியும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 இடத்தில் ஒத்துப்போகும். மிஞ்சிய 18-இல் இவர்கள் உண்மையில் சம்பாதித்தது 8 மட்டுமே. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் வகுத்த 'கப்பா' அளவில் இது 18-க்கு 8, அதாவது 0.44. 1977-இல் லாண்டிஸும் கோக்கும் போட்ட அட்டவணைப்படி இது நடுத்தரம். அந்த அட்டவணையின் எல்லைக்கோடுகள் தங்கள் விருப்பப்படி போட்டவை என்று அவர்களே எழுதிவைத்தார்கள். அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அந்த எட்டிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. குழப்பமான டிக்கெட் வந்தால் தம்பி என்னிடம் மெல்லக் கேட்பான்: "அண்ணாச்சி இதற்கு என்ன போட்டிருக்கிறார்கள்?" எங்கள் ஊரில் மூத்தவர் சொன்னதை மறுத்து ஒன்றைக் குறிப்பது அவ்வளவு சுலபமில்லை. மரியாதையும் கப்பாவை ஏற்றும். விஷயம் தெரிந்ததும் ஆய்வாளர் தம்பியைத் தென்காசியில் அவன் வீட்டிலிருந்தே குறிக்கச் சொல்லிவிட்டார். எண் இறங்கியது. எனக்கு அந்த இறங்கிய எண்ணின் மேல்தான் நம்பிக்கை.

ஒத்துப்போவதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. பாபநாசம் அணையில் யார் போய்ப் பார்த்தாலும் அளவுகோல் ஒரே அடியைத்தான் காட்டும்; கீழே எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று அது சொல்லாது.

பெரிய ஆய்வுகளிலும் இந்த வண்டல் உண்டு. எந்த நிரல்மொழியில் பிழை அதிகம் என்று நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் 729 திட்டங்களை அலசிய ஆய்வு 2014-இல் வந்து பரவலாகப் பேசப்பட்டது. வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து 2019-இல் வெளியிட்டபோது அதன் முடிவுகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியவை என்று எண்ணப்பட்ட கோப்புகளில் பல, செயலியின் திரையை வேற்றுமொழிகளில் காட்டுவதற்கான மொழிபெயர்ப்புப் பட்டியல்கள். இரண்டின் பெயரும் '.டிஎஸ்' என்றுதான் முடியும். யாராவது நான்கு கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஷெப்பர்ட், போவ்ஸ், ஹால் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியது இதைவிடச் சங்கடமானது. பிழையை முன்கூட்டிக் கணிக்கும் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முடிவுகளுக்கிடையிலான வேறுபாட்டில் 1.3 சதவீதம்தான் கணிப்பு முறையால் வந்தது. எந்தக் குழு ஆய்வு செய்தது என்பதால் வந்தது 31 சதவீதம். மனிதர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அண்ணாச்சியும் தம்பியும் ஏமாற்றவில்லையே.

ஆய்வாளர் போன பிறகு, டிக்கெட்டில் 'என்ன நடந்தது' என்பதற்கு ஓர் இடமும் 'பில் உண்டா' என்பதற்கு வேறோர் இடமும் வைக்கும்படி மேலாளரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். முதலாவதை டிக்கெட்டை எடுப்பவர் நிரப்புவார். இரண்டாவதில் மேலாளரைத் தவிர யாரும் கைவைக்க முடியாது. கணக்குப் பிரிவு அக்காவுக்கு இதில் இன்னும் கோபம்தான். முன்பு ஒரு பட்டியலைப் பார்த்து பில் போட்டவர், இப்போது இரண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.