விண்டோஸ் 10ஐ எடுத்தாச்சு, மின்ட் பத்திரமாக இருக்கிறது

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. என் லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது; அன்றாட வேலையெல்லாம் அதில்தான். விண்டோஸ் சும்மா பாதி டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடந்தது. எடுத்துவிட முடிவு செய்தேன்.

அதற்கு முன் விண்டோஸுக்குள் போய் முடிக்க வேண்டிய வேலைகள் இருந்தன. என் லேப்டாப்புக்கான பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் விண்டோஸில் ஓடும் கோப்பாக மட்டுமே வருகிறது. அதை முதலில் போட்டேன். அடுத்து, அம்மா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த பழைய கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதனால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும் சேர்த்தே வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, மின்ட்டில் திறந்து படித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

டிஸ்க்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டட் செயலியில் பார்த்தால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள பெரிய பார்ட்டிஷன் (டிஸ்க்கின் தனிப் பிரிவு) விண்டோஸ் என்பது பளிச்சென்று தெரியும். பயப்பட வேண்டியது முன்னால் இருக்கும் 100 எம்பி ஃபேட்32 துண்டுக்குத்தான். விண்டோஸ் உருவாக்கியதுதானே என்று அதையும் அழிக்கக் கை துறுதுறுக்கும். தொடவே கூடாது. உள்ளே மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று மூன்று ஃபோல்டர்கள். மின்ட்டைக் கிளப்பும் கிரப் என்ற நிரல் அந்த உபுண்டு ஃபோல்டரில்தான் இருக்கிறது.

பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று மின்ட் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், விண்டோஸ் டிரைவுக்கென்று இருந்த வரியை முதலில் நீக்கினேன். அது அப்படியே இருந்தால், இல்லாத பார்ட்டிஷனைத் தேடி பூட் ஒன்றரை நிமிடம் நின்று, பழுது பார்க்கும் கட்டளைத் திரையான எமர்ஜென்சி மோடில் போய் விழும். பிறகு பெரிய பார்ட்டிஷனை அழித்து, அதே இடத்தை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மட் செய்தேன். காலி இடத்தை மின்ட்டோடு இணைக்கவில்லை. இடம் மின்ட்டுக்கு முன்பக்கம் இருப்பதால் மின்ட் பார்ட்டிஷனையே நகர்த்த வேண்டும். நடுவில் கரன்ட் போனால் எல்லாம் போச்சு. படங்கள், பாட்டுகள் வைக்க ஒரு தனி டிரைவே எனக்குப் போதும்.

ரீஸ்டார்ட் செய்தேன், மின்ட் ஒழுங்காக வந்தது. ஆனால் கிரப்பை அப்டேட் செய்த பிறகும், எதைத் திறக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் அதன் மெனுவில் விண்டோஸ் பெயர் போகவில்லை! அந்த 100 எம்பியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைப் பார்த்துத்தான் கிரப் அதைச் சேர்க்கிறது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஃபோல்டரை மட்டும் நீக்கி, மறுபடி அப்டேட் செய்ததும் பெயர் மறைந்தது. பயாஸ் பூட் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் பதிவை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால், அந்தப் பதிவின் எண்ணைச் சரிபார்த்து நீக்கினேன்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிம எண் பெரும்பாலும் பயாஸிலேயே பதிந்திருக்கும். பின்னால் விண்டோஸ் தேவைப்பட்டாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.